அப்பா ஃபார்மர், அம்மா ஹவுஸ்வொய்ஃப்

அந்தத் தாளை ஜெராக்ஸ் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது "நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வேண்டுமே. ஆறு வருஷமாக, பேட்சுக்கு அறுபது எழுபது என்று போட்டு மாடிக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் தாளைப் பார்ப்பான், எழுத்தைப் பார்க்க மாட்டான்.

என் பெயர் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் என் கடை. கடைக்கு மேல் மாடியில் தீனதயாளன் சாரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். ஊர் மாவட்டம் ஆனதிலிருந்து கலெக்டர் ஆபீசு வந்ததோ இல்லையோ, இந்த மாதிரி சென்டர்கள் மழைக்கு முளைத்த காளான் போல வந்துவிட்டன. நாற்பத்தைந்து நாளில் இங்கிலீஷ், முப்பது நாளில் இங்கிலீஷ். எதிர்ச் சந்தில் ஒருத்தன் இருபத்தொரு நாள் என்று போர்டு வைத்திருக்கிறான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு?

நான் சொல்ல வந்தது தேவிப்ரியாவைப் பற்றி. அந்தச் சென்டரில் இரண்டு வருஷம் டீச்சராக இருந்த பெண். சொந்த ஊர் களமருதூர். அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். அரசுக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்து, ஒரு வாக்கியம் பேச வராமல் வெளியே வந்ததாக அதுவே சொல்லும். பேசக் கற்றுக்கொண்டது சென்னையில், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் புகார் கேட்கும் கால் சென்டரில். டெல்லிக்காரனும் பம்பாய்க்காரனும் போனில் காது கிழியக் கத்துவான். இது இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் என்றதும் வேலையை விட்டு ஊருக்கு வந்து, இங்கே சேர்ந்தது.

"கால் சென்டர்ல இருந்த வரைக்கும் ஒருத்தன்கூட என் ஹாபி இன்னான்னு கேக்கலண்ணா," என்று ஒருநாள் என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னது. "ஏன் லேட்டு, எப்ப வருவ, யாரு வருவா, ஏன் நேத்து வரல... இத்தான் கேட்டானுங்க. இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா போதும், அத்தான் இங்கிலீஷு."

அதன் பாடமும் அப்படித்தான். வகுப்புக்கு வந்ததும் "இன்னைக்கி காலைல இன்னா பண்ணீங்க?" என்று கேட்கும். எழுந்தேன், மாட்டைப் பிடித்துக் கட்டினேன், பஸ்ஸை விட்டேன், ஷேர் ஆட்டோவில் வந்தேன். அதெல்லாம் முடிந்துபோன காரியம், அதை இங்கிலீஷில் சொல்ல ஒரு கணக்கு. அப்புறம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். அங்கே யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "பாருங்க, அந்தாளு துன்னுக்கினு இருக்காரு. அந்தம்மா கத்திக்கினு இருக்கு. நம்ம 'கினு' வர எடத்துல அவங்க 'இங்' வரும். ஈட்டிங். ஷவுட்டிங். இத்தப் போயி பெரிய இலக்கணம்ன்னு பயந்துக்கினு இருந்தீங்களே!"

தீனதயாளன் சாருக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்மா, கினு கினுன்னு ரிக்‌ஷாக்காரன் மாதிரி கிளாஸ் எடுக்கிறே. நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாங்க?" என்பார். நிலபுலன் உள்ள குடும்பம், ஊருக்குள் மரியாதை. நம் பேச்சு அவர் காதுக்கு நாராசம். அவர் தாத்தாவும் கினுதான் பேசியிருப்பார், நான் எழுதித் தருகிறேன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். அதற்குச் 'செல்ஃப் இன்ட்ரோ' என்று பெயர். மைசெல்ஃப் என்று போட்டு ஒரு கோடு. அதில் அவரவர் பெயரை நிரப்பிக்கொள்ள வேண்டும். மீதியெல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. ஐ ஆம் கமிங் ஃப்ரம் கள்ளக்குறிச்சி. மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹவுஸ்வொய்ஃப். மை ஹாபீஸ் ஆர் ரீடிங் புக்ஸ். தேங்க்யூ. முதல் நாளே கையில் கொடுத்துவிடுவார்கள். பேட்ச் முடியும் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டு, மைக் வைத்து, ஒவ்வொருவராக ஒப்பிக்க வேண்டும். மூச்சு விடாமல் சொன்னால் இங்கிலீஷ் வந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் நின்றால் வரவில்லை. நம் ஜனங்களுக்கு அதுதான் அளவுகோல். "கடகடன்னு பேசுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். பேசவில்லையடா, ஒப்பிக்கிறது!

போன வருஷம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர் பெரியம்மாள். கல்வராயன் மலை அடிவாரத்துக் கிராமம், கூலி வேலை. அவள் மகள் சந்தியா அப்போதுதான் மைக்கில் சொல்லி முடித்திருந்தது. மாடியில் கைதட்டல் ஓயவில்லை.

"ண்ணா, எம்பொண்ணு இன்னா சொல்லுச்சு மேல?"

"தன்னப் பத்திச் சொல்லுச்சும்மா."

"அதான், இன்னா சொல்லுச்சு?"

என் மேசையில் தாள் கிடந்தது. எடுத்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிக்கிறேன். "அப்பா வெவசாயின்னு சொல்லுச்சு."

"யாரு அப்பா?"

"உங்க வூட்டுக்காரரும்மா."

"அவுரு போயி ஆறு வருஷம் ஆவுதுண்ணா. கேரளாவுல மொளகு பறிக்கப் போயி மரத்துலருந்து வுழுந்துட்டாரு. ஒரு சென்ட் நெலம் கெடையாது எங்களுக்கு." என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "அப்பறம் என்னப் பத்தி இன்னா சொல்லுச்சு?"

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். "வூட்ட... பாத்துக்கினு வூட்டுல இருக்காங்கன்னு."

"எந்த வூட்டுல?" என்றாள். கத்தவில்லை. கையை விரித்துக் காட்டினாள். நாற்று பிடுங்கிப் பிடுங்கி விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்திருந்தது. "நான் வூட்டுல குந்திக்கினு இருந்தா அது இன்னாத்தத் துன்னும்? இத்த எழுதிக் குடுத்தது யாருண்ணா?"

எழுதியவர் மேலே இருந்தார். அச்சடித்தவன் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

படிக்கட்டில் தேவிப்ரியா நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். முழுவதையும் கேட்டிருக்கிறது. திரும்பி மேலே போனது. கூட்டம் கலைந்ததும் தீனதயாளன் சாரிடம் அது போட்ட சண்டை சந்து முழுக்கக் கேட்டது.

"செத்துப்போன மனுசன வெவசாயின்னு சொல்ல வச்சிருக்கோம் சார். அந்தம்மா கழனில நிக்குது, அத்த ஹவுஸ்வொய்ஃப்ன்றோம்."

"அப்பா செத்துட்டாரு, அம்மா கூலின்னு இன்டர்வியூல போய் அழுதுக்கிட்டா நிக்கச் சொல்றே? ஃபார்மர்னா ஒரு மரியாதை. இன்டர்வியூக்கு ஒரு லட்சணம் வேணாமா?"

"யாரு அழச் சொன்னா? இருக்கறத சொன்னா இன்னா மரியாத கம்மியாப் பூடும்?"

"தாளைத் தொடாதே. கிளாஸ் எடுக்கிறதோட உன் வேலை முடிஞ்சது."

இதில் பாதிக்கப்படப் போவது தீனதயாளனும் இல்லை, தேவிப்ரியாவும் இல்லை, சந்தியா. பத்து நாளில் கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், தங்க இடமும் உண்டு. அது கிடைக்கவில்லையென்றால் நூல் மில்லுக்குப் போக வேண்டும். மில் ஏஜென்ட் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். மூன்று வருஷம், ஹாஸ்டல், கேட்டைத் தாண்ட முடியாது. அதே கிராமத்திலிருந்து போன ஒரு பெண் இருமிக்கொண்டு திரும்பி வந்ததைப் பெரியம்மாள் பார்த்திருக்கிறாள். முகாம் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று ஏஜென்டை நிறுத்தி வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் சந்தியாவை என் கடை பெஞ்சில் உட்கார வைத்தது தேவிப்ரியா. மேலே முடியாதே, அதனால். முதல் கேள்வியே, "வேர் இஸ் யுவர் ஃபாதர்?"

சந்தியா அழுதது. தேவிப்ரியா சமாதானம் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தது. "அழுதுட்டு சொல்லு. ஆனா சொல்லு. போனாரு, வுழுந்தாரு, செத்தாரு. மூணும் முடிஞ்சிபோனது. இங்கிலீஷ்லயும் முடிச்சிடு."

"தப்பா சொன்னா சிரிப்பாங்க மிஸ்."

"சிரிச்சா சிரிக்கட்டும். யாரோ ஒருத்தங்க அப்பனப் பத்தி சரியா சொல்றதவிட, உங்கப்பனப் பத்தி தப்பா சொல்லு. நடுவுல நின்னா நிக்கட்டும். யோசிக்கற மனுசன் நிப்பான். டேப்பு ரெக்கார்டர்தான் நிக்காது."

தேவிப்ரியா 'வெரி குட்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி, அவ்வளவுதான். அப்பா அம்மா கேள்வி முடிந்ததும் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக் கேள்விக்குப் போய்விடும். நானே நோயாளியாக நடித்திருக்கிறேன். டாக்டர் ஏன் வரவில்லை என்று நான் தமிழில் கத்த, சந்தியா இங்கிலீஷில் என்னை உட்கார வைக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து போனார்கள்.

முகாம் அன்று என் சின்ன மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சர்டிபிகேட் நகல் இல்லாமல் நூறு பேராவது வருவார்கள். வராண்டாவில், இன்டர்வியூ நடக்கிற அறை ஜன்னலை ஒட்டி இடம் கிடைத்தது. உள்ளே கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு சின்ன வயதுக்காரர். எங்கள் சென்டர் பிள்ளைகள் ஐந்து பேர் வரிசையாகப் போனார்கள். ஐந்து பேரும் கமிங் ஃப்ரம் கள்ளக்குறிச்சி. ஐந்து பேர் அப்பாவும் ஃபார்மர். அதில் ஒருத்தன் அப்பா டவுன் பஸ் கண்டக்டர், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளிலேயே அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாட் க்ராப்?" என்று ஒருத்தனைக் கேட்டார். அவன் 'தேங்க்யூ சார்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். படுபாவி, உங்கப்பனுக்கு என்ன பயிர் என்று கேட்டால் தேங்க்யூவா?

ஆறாவது சந்தியா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபாதர் ஃபார்மர், மதர் ஹவுஸ்வொய்ஃப், ஹாபி ரீடிங் புக்ஸ். ரைட்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த யாருடைய மார்க் ஷீட்டோ கசங்கிவிட்டது.

"நோ சார்," என்றது சந்தியா.

அவர் நிமிர்ந்தார்.

"மை ஃபாதர் வென்ட் டு கேரளா. ஹி ஃபெல் ஃப்ரம் எ ட்ரீ." நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஹி டைட். மை மதர் ஒர்க்ஸ் இன் அதர் பீப்பிள் ஃபீல்ட். டுடே ஷி லெஃப்ட் அட் ஃபைவ். ஐ குக்ட். ஐ மிஸ்ட் தி பஸ். ஐ... ஐ ரன், சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு ஏதேதோ கேட்டார். டாக்டர் லேட், நோயாளி கோபமாகக் கத்துகிறார், நீ என்ன சொல்வாய் என்றும் கேட்டார். "ப்ளீஸ் சிட் சார். ஐ வில் ஆஸ்க் அண்ட் டெல் யூ." என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான். அதிலும் இரண்டு இடத்தில் நின்றது. அவர் காத்திருந்தார். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் எங்கள் சென்டரிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பெரியம்மாள் மில் ஏஜென்டுக்குப் போன் போட்டு, "எம்பொண்ணு வராது, வூட்டாண்ட வராத," என்று சொல்லி வைத்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

ஒரு வாரத்தில் சந்து முனையில் ஃப்ளெக்ஸ். சந்தியா படம் சின்னதாக, தீனதயாளன் படம் பெரிதாக. 'எங்கள் பயிற்சி, உங்கள் வெற்றி.' ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம் அவரே இறங்கி வந்து ஒரு தாளை நீட்டினார். "கொளஞ்சி, பழசைத் தூக்கிப் போடு. இதுல நூறு காப்பி."

இந்தத் தடவை படித்தேன். மைசெல்ஃப், ஒரு கோடு. மை ஃபாதர் வென்ட் டு கேரளா. ஹி ஃபெல் ஃப்ரம் எ ட்ரீ. ஹி டைட். சந்தியா சென்னைக்குப் போகும் முன் ஸ்வீட் கொடுக்கக் கூப்பிட்டு, இன்டர்வியூவில் சொன்னதைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு பண்ணியிருக்கிறார். ரன் என்றதை ரேன் என்று திருத்தி டைப்பும் அடித்துவிட்டார்.

"சார், இது அந்தப் பொண்ணோட அப்பன் செத்தது."

"செலக்ட் ஆன இன்ட்ரோப்பா இது. இதுதான் இப்ப ஒர்க் அவுட் ஆகுது."

"நான் போட மாட்டேன் சார்."

"ஊர்ல நீ ஒருத்தன்தான் மெஷின் வச்சிருக்கியா?" என்று கோர்ட்டுக்கு எதிரே உள்ள கடைக்குப் போனார். அங்கே போட்டுக் கொடுத்தார்கள். தேவிப்ரியா அப்போது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு இருபது நாள் லீவில் இருந்தது. போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அம்மா படுத்துக் கிடக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். அதுவும் என் தப்புதான்.

அந்தப் பேட்சின் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவிப்ரியா நேராக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? பெரியம்மாள். சால்வை போடப் போகிறார்களாம். தனியாக மேலே போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் பையன் ஆரம்பித்தான். மை ஃபாதர் வென்ட் டு கேரளா. கைதட்டல். இரண்டாவது பெண். மை ஃபாதர் வென்ட் டு கேரளா. மூன்றாவது. தேவிப்ரியா சுவரில் சாய்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒவ்வொருவரும் கடகடவென்று, நிற்காமல், மரத்திலிருந்து விழுந்து செத்தார்கள்.

நான்காவதாக மலர்விழி என்கிற பெண். அதன் அப்பா செல்லமுத்து முன்வரிசையில், திருக்கோவிலூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர், வெள்ளைச் சட்டை, மடியில் ஸ்வீட் பெட்டி. மகள் 'ஹி டைட்' என்றதும் முதல் ஆளாகக் கைதட்டினார்.

பெரியம்மாள் என் கையைத் தொட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரே ஒரு சொல் தெரியும்.

"ண்ணா, இதுங்க அப்பனுங்களும் கேரளாவுக்கா போனாங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கேட்டது தேவிப்ரியா காதில் விழுந்துவிட்டது. நேராக மேடைக்கு வந்து மலர்விழி கையிலிருந்த மைக்கை வாங்கியது.

"இப்ப உங்க புள்ளைங்க இங்கிலீஷ்ல சொன்னத நான் தமிழ்ல சொல்றேன், கேட்டுக்குங்க," என்றது. "எங்கப்பா கேரளாவுக்குப் போனாரு. மரத்துலருந்து வுழுந்தாரு. செத்துட்டாரு. இத்தான் சொன்னாங்க. நாலு பேரும் இத்தான் சொன்னாங்க. இது தோ குந்திக்கினு இருக்காங்களே, இவங்க வூட்டுக்காரர் செத்த கதை. இத்தக் கேட்டுதான் நீங்க கை தட்டுனீங்க."

தீனதயாளன் சார், "டீச்சர், மைக்கைக் கொடும்மா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

செல்லமுத்து ஸ்வீட் பெட்டியோடு எழுந்து நின்றார். "ஏம்மே மலரு," என்றார், கோபமா அழுகையா என்று தெரியாத குரலில். "நான் எப்போ செத்தேன்?"

மலர்விழி ஓரடி பின்வாங்கியது. தேவிப்ரியா அதன் பக்கம் திரும்பி, பெஞ்சில் சந்தியாவைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டது. "வேர் இஸ் யுவர் ஃபாதர்?"

மலர்விழி தாளைப் பார்த்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. அப்பாவைப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். தீனதயாளன் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

"மை ஃபாதர்..." என்று நின்றது. விரலை நீட்டி அவரைக் காட்டியது. "மை ஃபாதர் இஸ் ஹியர்."

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. செல்லமுத்துவுக்கு அதற்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாள் எழுந்து, மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்துத் தீனதயாளன் நாற்காலியில் போட்டுவிட்டு, "வாண்ணா, பஸ்ஸுக்கு நேரமாவுது," என்று என்னைக் கூப்பிட்டாள்.